ஒரு நரம்பு அதிகம்

தம்பியின் கண்ணில் ஒரு நரம்பு அதிகமாக இருந்தது.

அவள் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, கழுவிய ஈரத்தோடு, அந்தச் செயற்கைக் கண் மதிய வெளிச்சத்தில் மினுங்கியது. அவளே செய்த கண். கண்குழிக்கு அச்செடுத்து, அக்ரிலிக்கில் வார்த்து, கருவிழியின் பழுப்பை அடுக்கடுக்காகத் தீட்டி, வெள்ளையின் மேல் சிவப்புப் பட்டு நூலை இழை இழையாகப் பிரித்துப் படியவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற பூச்சு ஏற்றி முடித்தது. தன் கையெழுத்தைத் தெரிவதுபோல அவளுக்குத் தன் நரம்புகளைத் தெரியும். இது அவளுடையது இல்லை. மூக்குப் பக்கத்து மூலையிலிருந்து கருவிழி ஓரம்வரை நேராக ஓடியது. அவள் இடுகிற நரம்புகள் கருவிழியை நெருங்க நெருங்க மெலிந்து மறைந்துபோகும். இது நெருங்க நெருங்கப் பருத்திருந்தது.

தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். கண்ணைக் கழற்றிவிட்டால் அவன் முகத்தில் ஒரு பாதி மட்டும் தூங்கிவிட்டதுபோல இருக்கும்.

"மாப்பிள்ளைக்கு என்னவாம்?" என்றான்.

அந்தக் கண்ணுக்கு அவன் வைத்த பெயர் மாப்பிள்ளை. வந்து நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், எல்லாரையும் முறைத்துப் பார்ப்பவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று கேட்பான்.

"அழுக்கு ஏறியிருக்கு. மெருகு போட்டா சரியாயிடும்."

அழுக்கு என்றுதான் அவளும் நினைத்தாள். கண் மருத்துவமனையின் கீழ்த்தளத்துக் கடைசி அறையில் அவள் உட்காரத் தொடங்கி வெகுகாலம் ஆகிறது. மருத்துவமனையில் எல்லாருக்கும் அவள் கண்ணுக்காரி. செய்துகொடுத்த கண்கள் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை மெருகுக்கு வரும். கண்ணீரின் உப்பும் பீளையும் படிந்து மங்கியிருக்கும். மெல்லிய கீறல் விழுந்திருந்தால் அதற்குள் அழுக்கு இறங்கிக் கோடாகத் தெரியும். சக்கரத்தில் கொடுத்தால் போய்விடும்.

மோட்டாரைப் போட்டாள். துணிச் சக்கரம் முனகிக்கொண்டே சுழன்றது. ஈரக் கல்பொடி அவள் மணிக்கட்டில் சாம்பல் நிறப் புள்ளிகளாகத் தெறித்தது. சூடேறும் அக்ரிலிக்குக்கு ஒரு வாசனை உண்டு, இனிப்பும் கசப்புமாக, அவள் புடவைகள் எல்லாவற்றிலும் ஊறிப்போன வாசனை. அன்று அது வரவில்லை. விளக்கில் முடி பட்டதுபோல, நகம் கருகியதுபோல ஒன்று வந்தது. சக்கரத்தை நிறுத்திப் பார்த்தாள். துணியின் விளிம்பில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. நரம்பு போயிருந்தது. நூல்தான் மேலே பிதுங்கி வந்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டாள். பூச்சு தேய்ந்துவிட்டால் நூல் வெளியே வராதா என்ன. வரும். இதுவரை வந்ததில்லை, அவ்வளவுதான்.

கண்ணை அலசி, அவன் மேல் இமையைத் தூக்கி உள்ளே நழுவவிட்டாள். அவன் கண்ணைச் சிமிட்டினான். இந்தப் பக்கமும் உறுத்துகிறது, டெப்போவில் ஒரே தூசு, ஏதாவது விட்டு அனுப்பு என்றான். சொட்டு மருந்தை எடுத்தாள். அதே விரலால் அவனுடைய நல்ல கண்ணின் கீழ் இமையை இழுத்து, ஒரு சொட்டு விட்டாள். வழிந்ததை அதே விரலால் துடைத்தாள்.

அவனுக்கு இருந்தது அந்த ஒரு கண்தான்.

பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவன். பக்கத்து ஜன்னல் வழியாக வருஷக்கணக்காக வெயில் அடித்த கண்ணில், வெள்ளையும் கருப்பும் சேரும் ஓரத்தில், சோறு வடித்த நுரை காய்ந்து ஒட்டியதுபோல ஒரு திட்டு வந்தது. கடைத்தெருவில் இருந்த டாக்டர் ஒருவர் சும்மா சதை வளர்ச்சிதான் என்று சுரண்டி எடுத்துவிட்டார். எடுத்த இடத்தில் மட்டும் இல்லாமல், கத்தி பட்ட இடம், இடுக்கி பட்ட இடம், தையல் போட்ட இடம் என்று சுற்றிலும் அது முளைத்தது. இந்த மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது கண்ணுக்குள்ளே இறங்கிவிட்டிருந்தது. கண்ணை எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்று பெரிய டாக்டர் சொன்னார். கண் பரப்பில் வரும் இந்த மாதிரிக் கட்டிகள் அபூர்வம், ஆனால் பொல்லாதவை என்று தம்பியிடம் விளக்கினார். அதன் மேல் எதுவும் படக் கூடாது. சுற்றி வளைத்து, தள்ளி நின்று வெட்ட வேண்டும். அதைத் தொட்ட கருவி மறுபடி கண்ணின் வேறெந்த இடத்துக்கும் போகக் கூடாது. அவர் அதைச் சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். தலையைக்கூட ஆட்டினாள்.

டிரைவர் சீட்டை விட்டு இறக்கி, டெப்போவில் மைக் பிடித்துப் பேருந்து நேரம் சொல்லும் வேலையைக் கொடுத்தார்கள். அவனும் பழகிக்கொண்டான். அவள்தான் பழகவில்லை. அவன் தெருவில் இறங்கினால் மண் பறக்கிறதா என்று பார்ப்பாள். அந்த ஒரு கண்ணுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது. வேறு எதையும் அவள் கேட்டதில்லை.

அடுத்த சில வாரங்கள் மழையாகவே போயின. வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். சாயங்காலங்களில் கூடத்துச் சுவர்கள் வேர்த்தன. துவைத்த துணிகள் உலராமல் ஒரு புளித்த வாடையோடு கொடியில் தொங்கின. அவன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பான், அவள் எதிரே உட்கார்ந்து அவன் படிப்பதைப் பார்ப்பாள். செய்த கண் எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும் நல்ல கண்ணுக்கு ஒரு இமைப்பொழுது பின்னால்தான் திரும்பும். உள்ளே தசை இழுத்து, அது இதை இழுத்து, அப்புறம்தான். மற்றவர்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அது எப்போதும் அவளை லேசாக வருத்தும்.

அன்று வாசலில் ஒரு நாய் ஓடியது. அவன் திரும்பிப் பார்த்தான்.

மாப்பிள்ளை முதலில் திரும்பியது. நல்ல கண் பின்னால் போனது.

அவள் கையில் இருந்த தேநீர் ஆறும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு வேண்டுமென்றே சாவியைக் கீழே போட்டாள். ஓசை கேட்டு அவன் குனிந்தான். முதலில் அது. அப்புறம் இது.

கண்ணைக் கழற்று, பார்க்க வேண்டும் என்றாள். அவன் சிரித்தான். மாப்பிள்ளை இப்போதெல்லாம் சூடாக இருக்கிறான், ராத்திரியில் கண்ணீர் வேறு விடுகிறான், யாராவது மனசை நோகடித்திருப்பார்கள் என்றான். அவள் ரப்பர் உறிஞ்சியை வைத்து இழுத்தாள். வழக்கமாக வழுக்கிக்கொண்டு வரும். வரவில்லை. அவன் தாடை இறுகியது. "மெதுவா, அக்கா," என்றான். இன்னும் கொஞ்சம் இழுத்தாள். ஈரக் காகிதத்திலிருந்து இன்னொரு காகிதத்தை உரிப்பது மாதிரி ஒரு சின்ன ஓசை. உள்ளங்கையில் விழுந்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது.

நரம்பு திரும்பி வந்திருந்தது. ஒன்று இல்லை, மூன்றோ நான்கோ, எல்லாம் மூலையிலிருந்து புறப்பட்டு ஒரே இடத்தை நோக்கிப் போயின. போய்ச் சேர்ந்த இடத்தில், அவள் தீட்டிய பழுப்பின் ஓரத்தில், காய்ந்த நுரை போல ஒரு வெள்ளைத் திட்டு.

அவனிடம் கீறல் என்றாள்.

மூடியுள்ள டப்பாவில் தண்ணீர் விட்டு, கருவிழி கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டு, அலமாரியில் வைத்தாள். காலையில் திறந்தபோது அது மேலே பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் புரண்டிருக்கும். தண்ணீரில் எதுவும் புரளத்தான் செய்யும். மூடியை அழுத்தி மூடிப் பைக்குள் வைத்தபோது தம்பி கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்றான். டெப்போவுக்கு இன்று லீவு போடப்போவதாகச் சொன்னான். நல்ல கண்ணில் ஏதோ மேகம் கட்டினாற்போல இருக்கிறது, நேற்று அதிகம் படித்துவிட்டேன், வேறொன்றும் இல்லை என்றான்.

சாயங்காலம் வந்து கூட்டிப் போகிறேன், வெளியே போகாதே, கண்ணைக் கசக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பெரிய டாக்டருக்கு அன்று முழுவதும் அறுவை. எல்லாம் முடிந்து, காத்திருந்தவர்கள் போய், ஆயா தரையைத் துடைத்துவிட்டுப் போன பிறகுதான் அவரைப் பிடிக்க முடிந்தது. ஈரத் தரையில் மருந்து வாடை. நடைபாதையில் விளக்குகளைப் பாதி அணைத்திருந்தார்கள். டாக்டர் நரைத்த கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்தபடியே டப்பாவைப் பார்த்தார்.

"ஏம்மா, இப்ப பிளாஸ்டிக்குக்கும் நான்தான் டாக்டரா?"

இருந்தாலும் மறுக்கவில்லை. நோயாளிகள் மோவாயை வைக்கிற இடத்தில் பஞ்சை உருட்டி வைத்து, அதன் மேல் கண்ணை நிறுத்தினார். அறை விளக்கை அணைத்தார். கருவியிலிருந்து கத்தி மாதிரி ஒரு கீற்று வெளிச்சம் கிளம்பி அதன் மேல் விழுந்தது. டாக்டர் குனிந்து பார்த்தார். முதலில் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பாதியில் நிறுத்தினார்.

நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு, சற்றுப் பொறுத்துக் கழுவினார். நல்ல இடத்தில் சாயம் ஒட்டாது, கெட்ட இடத்தில்தான் பிடிக்கும் என்பது அவளுக்கும் தெரியும். வெள்ளைத் திட்டு மை ஊற்றினாற்போல நீலமானது. அதற்கு வெளியிலும், வெறும் வெள்ளையாகத் தெரிந்த இடங்களில், அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலப் புள்ளிகள் எழுந்தன.

டாக்டர் பஞ்சு சுற்றிய குச்சியால் தடித்த நரம்பை அழுத்தினார். அது வெளுத்தது. குச்சியை எடுத்தார். மூலைப் பக்கத்திலிருந்து சிவப்பு மெல்ல ஊர்ந்து வந்து நரம்பை நிறைத்தது.

எங்கிருந்து வருகிறது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. பஞ்சுக்கு அடியில் மேஜைதான் இருந்தது.

"இதை என்ன பண்ணினே?" டாக்டரின் குரல் ரொம்பவும் சாதாரணமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

மெருகு போட்டேன் என்றாள்.

"அப்புறம்?"

அலசி மாட்டிவிட்டேன்.

"கையுறை?"

இல்லை.

"அப்புறம் அந்தக் கையால வேற எங்க தொட்டே?"

அவள் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். இருட்டில் அதன் நுனி மட்டும் அந்தக் கீற்றில் லேசாகத் தெரிந்தது. டாக்டருக்குப் பதில் தேவைப்படவில்லை. போய் அவனைக் கூட்டிக்கொண்டு வா, உடனே, இப்போதே, நான் இங்கேயேதான் இருக்கிறேன் என்றார். ஆரம்பமாக இருந்தால் சொட்டு மருந்திலேயே கரைத்துவிடலாம், அந்தக் கண்ணைக் காப்பாற்றிவிடலாம் என்றார். அவள் கதவைத் திறந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"இது எனக்கு என்னன்னு புரியல. புரியறவரைக்கும் வெச்சிருக்கவும் பிடிக்கல. சுத்தி வெட்டி உறைய வெச்சிடறேன். ஒரு தடவை உறைஞ்சா பாதிதான் சாகும். இளகவிட்டு மறுபடி உறைய வெச்சா மிச்சமும் செத்துடும். சரிதானே? உன் கண்ணு, நீ சொல்லணும்."

"அழிச்சிடுங்க, டாக்டர்," என்றாள்.

வீடு இரண்டு தெரு தள்ளி. மழை விட்டிருந்தது. தெருவிளக்குகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குட்டையில் விழுந்து கிடந்தன; அவள் அவற்றை மிதித்துக்கொண்டே ஓடினாள். கூரைகளிலிருந்து சொட்டும் ஓசை இரு பக்கமும் கூடவே வந்தது. யாரோ ஒரு வீட்டில் டிவி சத்தமாக ஓடியது. யாரோ சிரித்தார்கள். தன் வீட்டு ஜன்னல் மட்டும் இருட்டாக இருப்பதைத் தெருமுனையிலேயே பார்த்துவிட்டாள்.

கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே ஈரத்துணி வாடை. கூடத்தின் இருட்டில் நாற்காலியின் உருவம் தெரிந்தது, அதில் அவன் உருவம். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"ஏண்டா லைட் போடல?"

"இதுக்கு மேலயா?" என்றான். "கண்ணு கூசுது. முதல்ல இதை அணைக்கச் சொல்லு."

அவள் ஸ்விட்சைத் தட்டினாள். மஞ்சள் வெளிச்சம் கூடத்தில் விழுந்தது. அவன் திரும்பவில்லை. கறுப்புக் கண்ணாடி மடியில் கிடந்தது. மாப்பிள்ளை இல்லாத பக்கம் இமை தளர்ந்து உள்வாங்கியிருந்தது. இன்னொரு பக்கம் கண் திறந்திருந்தது. நன்றாக, அகலமாக, பளபளப்பாக.

அவள் அவன் முன்னால் மண்டியிட்டாள்.

சிமிட்டவில்லை. காத்திருந்தாள். சிமிட்டவில்லை. கருவிழியின் மேல் மெல்லிய தூசு படிந்திருந்தது, மேஜை மேல் படிவதுபோல. அவள் ஊதினாள். தூசு பறந்தது. இமை அசையவில்லை.

விரலை நீட்டினாள். நிறுத்த நினைத்தாள். விரல் போனது.

நகம் பட்டது.

டிக்.

"யாரு தட்டுறது?" என்றான் அவன்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, டாக்டரம்மா முகம் எவ்வளவு பெருசா இருக்கு தெரியுமா? சினிமாத் திரை மாதிரி." அவன் குரலில் இன்னும் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. "மூக்குக் கண்ணாடியில ஒரு கீறல் இருக்கு. நீ ஏன் அவங்ககிட்ட சொல்லக் கூடாது?"

"நீ எங்க இருக்கே?" என்று கேட்டாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

"நீதானே கொண்டுவந்து விட்டே?" என்றான். பிறகு யோசித்தான். "நான் உட்கார்ந்திருக்கேனா, படுத்திருக்கேனா? கழுத்தைத் திருப்ப முடியல, அக்கா."

அவள் போனை எடுத்தாள். விரல்கள் வழுக்கின. டாக்டரின் எண். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது.

"போன் அடிக்குது," என்றான் அவன். "மேஜை மேல ஆடிக்கிட்டே நகருது. கண்ணுக்காரின்னு வருது. நீதான்."

"எடுக்கச் சொல்லு."

"பாக்குறாங்க. ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க. கையுறை போட்டிருக்காங்கல்ல. எதையும் தொட மாட்டாங்க."

மணி நின்றது. மறுபடி போட்டாள். மருத்துவமனை எண்ணுக்குப் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. எழுந்தாள். ஓடினால் போய்விடலாம். இரண்டு தெரு. வாசல்வரை போனாள்.

"போகாத, அக்கா."

அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. அவன் கை காற்றில் அவளைத் தேடியது. திரும்பி வந்தாள். மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டான், சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது பற்றியதுபோல.

"ஏதோ குச்சி மாதிரி எடுத்திருக்காங்க. நுனியில புகை வருது. வெள்ளையா." மூச்சு வாங்கினான். "அக்கா, அவங்களுக்கு நான் இருக்கறது தெரியாதா?"

"அழிக்க வேணாம்," என்று அவள் போனிடம் சொன்னாள். மணி மட்டும் போய்க்கொண்டிருந்தது. "டாக்டர். வேணாம். அது அவன். வேணாம்."

"கிட்ட வருது."

அவன் பிடி இறுகியது. எலும்பு வலித்தது.

"கிட்ட."

பிறகு அவன் பேசவில்லை. வாய் திறந்திருந்தது. குரல் வரவில்லை. அவள் அந்தக் கண்ணைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் ஒரு வெண்மை. புள்ளியாக. வளர்ந்தது. ஊசி ஊசியாகக் கருவிழியை நோக்கி ஓடியது. இமைமுடிகள் ஒவ்வொன்றாக வெளுத்து விறைத்தன. கூடத்தின் புழுக்கத்தில் அவன் முகத்திலிருந்து குளிர் அடித்தது. பழுப்பு மறைந்தது. கருப்பு மறைந்தது. முழுக்க வெள்ளை. பனி.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

அது இளகியது. ஓரத்திலிருந்து நீர் கசிந்து கன்னத்தில் இறங்கியது. பனிக்கு அடியிலிருந்து பழுப்பு மெல்ல மேலே வந்தது. அவன் பிடி தளர்ந்தது. உதடுகள் அசைந்தன. அவள் காதை அருகில் கொண்டுபோனாள்.

"பாதிதான் தெரியுது," என்றான்.

"சரியாயிடும்," என்றாள். "முடிஞ்சிடுச்சு. சரியாயிடும்."

"கடிகாரத்தைப் பாக்குறாங்க." அவன் காத்திருந்தான். அவளும் காத்திருந்தாள். கொடியில் தொங்கிய துணியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

"அக்கா," என்றான், "மறுபடி எடுக்கறாங்க."